உட்கார்ந்திருப்பது ஓய்வாகுமா?

சென்ற பொங்கலை ஒட்டி நம் சங்கம் நடத்திய விளையாட்டு விழாவில், பீன்யாப் பிள்ளைகளின் கபடி அணி இறுதி ஆட்டத்தில் மூன்று புள்ளிகளில் தோற்றது அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். தோற்றதில் வெட்கம் ஒன்றுமில்லை. வென்ற அணியும் நம் பிள்ளைகள்தாம். நான் எழுத வந்தது அந்த ஆட்டத்தைப் பற்றியன்று. அதற்கு முன் கழிந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி.

அரையிறுதி காலை பதினொன்றரைக்கே முடிந்துவிட்டது. இறுதி ஆட்டம் இரண்டு மணிக்கு என்று அறிவித்திருந்தோம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் இரண்டரை ஆயிற்று. (இது நம் விழாக்களில் புதிதன்று.) இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் புங்கமரத்தடியில் நின்ற டெம்போவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நான்கு பேர் நான்கு கைப்பேசிகளில் ஒரே துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் சேர்ந்துகொண்டு, "பின்னால வர்றான், பின்னால வர்றான்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் என் தங்கை மகன். அணியில் பாடிப்போவதில் முதல் ஆள் அவன்தான். எலுமிச்சை சாதப் பொட்டலத்தை நீட்டினேன். தலையைத் தூக்காமலே வாங்கினான். பாதி தின்றான், பாதி டெம்போவிலேயே காய்ந்தது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வெயிலில் அலையாமல் ஓரிடத்தில் இருக்கிறார்களே, கால் ஓயட்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவும் செய்தேன்.

இறுதி ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம். நம் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போயின. மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுக்காமல் திரும்பினால் ஆள் அவுட் என்பது கபடி பார்க்கிற சிறு பிள்ளைக்கும் தெரியும். என் மருமகன் பாடிப் போனான், ஏறுகோட்டைத் தாண்டினான், யாரையும் தொடாமல் நிதானமாகத் திரும்பி வந்து நின்றான். நடுவர் கையை உயர்த்தியபோதுதான் அவனுக்கு உறைத்தது. அது இரண்டாவது ரெய்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். காலில் வலு இல்லாமல் தோற்கவில்லை. எண்ணிக்கை தவறித் தோற்றான்.

வீட்டுக்கு வந்ததும் நான் கொஞ்சம் கடிந்து பேசினேன். அவன் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, நான் உக்காந்துதானே இருந்தேன்? ஓடலை, ஆடலை. ரெஸ்ட்தானே எடுத்தேன்?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பதில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தது. ஏனென்றால் முப்பத்தோரு ஆண்டு நான் பீன்யாவில் செய்த வேலை அதுதான்: ஓரிடத்தில் நின்றபடி, உட்கார்ந்தபடி களைத்துப் போவது.

நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷெட்டில் வார்ப்பிரும்பு தூக்கிப் போடும் ஹெல்ப்பர் மாலையில் உடம்பு நொந்து போவார். சாப்பிட்டுப் படுத்தால் காலையில் எழுந்து புதிதாக வருவார். சிஎன்சி மெஷினில் நிற்பவர் எதையும் தூக்குவதில்லை. எண்களைப் பார்க்கிறார், மைக்ரோமீட்டரை வைத்து நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறார். எட்டு மணி நேரம் இப்படிப் பார்த்தபின் அவருக்குப் படியேறக்கூட மனம் வராது. இரவு ஷிப்டில் ரிஜெக்‌ஷன் எப்போது வரும் என்று எந்த சூப்பர்வைசரைக் கேட்டாலும் சொல்வார், விடியற்காலை நான்கு மணிக்குமேல் என்று. கை சோர்ந்தால் வேலை நின்றுபோகும். கவனம் சோர்ந்தால் வேலை நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும், தவறாக. நான் முதலில் வேலை பார்த்த ஒரு பட்டறையில், தொடர்ந்து இரண்டாவது ஷிப்டு பார்த்த ஒருவர் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பெடலை மிதிக்கும் காலுக்கு அன்று வலு குறைவில்லை.

இது பட்டறை அனுபவம். இதையே விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தாலியில் டுரின் நகரத்தில் அஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியல் பேராசிரியர் 1891-ஆம் ஆண்டிலேயே களைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நடுவிரலால் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வைத்து, எத்தனை முறை இழுத்தபின் விரல் ஓய்கிறது என்று பதிவு செய்யும் கருவி ஒன்றை அவர் அமைத்திருந்தார். மாணவர்களுக்கு நீண்ட நேரம் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக பேராசிரியரின் விரல், வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்தது. பேராசிரியர் செய்தது நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டது மட்டுமே.

அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து, 2009-இல் சாமுவேல் மார்கோரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேல்ஸ் நாட்டில் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். பதினாறு பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர்களைத் தொண்ணூறு நிமிடம் கம்ப்யூட்டர் திரையில் வரும் எழுத்துகளை விடாமல் கவனித்துப் பொத்தான் அழுத்த வைத்தார்கள். இன்னொரு நாள் அதே தொண்ணூறு நிமிடம் ரயிலையும் காரையும் பற்றிய சாதாரணச் செய்திப்படங்களைப் பார்க்கவிட்டார்கள். இரண்டு நாளும் முடிவில் நிலையான சைக்கிளில் ஏற்றி, கால் ஓயும்வரை மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி மிதித்தார்கள். பொத்தான் அழுத்திய நாளில் 640 வினாடியில் நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடம் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதயத் துடிப்பு, மூச்சு, இரத்தத்தில் சேரும் லாக்டேட் ஆகியவற்றில் இந்தக் குறைவுக்குக் காரணம் சொல்லும்படியாக எதுவும் இல்லை. உடம்பு அதே உடம்புதான். ஆனால் மிதிப்பது தொடக்கத்திலிருந்தே கடினமாகத் தோன்றியிருக்கிறது. கடினம் என்று தோன்றியதால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

மூளை நீண்ட நேரம் உழைக்கும்போது அடினோசின் என்ற பொருள் அங்கே சேர்கிறது, அதுதான் இந்தச் சோர்வு உணர்வைத் தருகிறது என்பது அவர்கள் கூறும் விளக்கம். இது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. ஷிப்டு நடுவில் நாம் குடிக்கும் காப்பி இந்த அடினோசினின் வேலையைத்தான் தடுக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பீன்யாவில் ஒவ்வொரு முக்கிலும் டீ, காப்பிக் கடை இருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை.

பிறகு கால்பந்து வீரர்களிடம் சோதித்தார்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, எழுத்தைப் படிக்காமல் நிறத்தைச் சொல் என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. வீட்டில் நீங்களே செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். அதை முப்பது நிமிடம் செய்துவிட்டு மைதானத்தில் இறங்கியவர்கள் குறைந்த தூரம் ஓடினார்கள். பந்தைக் கடத்துவதில் பிழைகள் கூடின. கோலை நோக்கி அடித்த பந்து குறி தப்பியது. 2016-இல் வெளிவந்த ஆய்வு இது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இன்னும் நம் விஷயத்துக்கே வந்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன் கால்பந்து வீரர்கள் கைப்பேசியில் சமூக வலைத்தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் பார்த்தவர்களிடம் மாற்றமில்லை. முப்பது நிமிடமும் நாற்பத்தைந்து நிமிடமும் பார்த்தவர்கள், பந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதில் தடுமாறினார்கள். குத்துச்சண்டை பயிலும் இளைஞர்களிடம் வீடியோ கேமையும் சேர்த்துச் சோதித்தபோதும் முடிவெடுக்கும் திறனே அடிவாங்கியது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒரே மூச்சில் உயரத் தாண்டுவது, எடையை ஒரே தடவை தூக்குவது போன்றவை மூளைக் களைப்பால் அவ்வளவாகக் குறைவதில்லை என்றும் இதே ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம். ஆட்டத்துக்கு முன் பையன் துள்ளிக் குதித்துக் காட்டுவான், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். குறைவது நீடித்து நிற்கும் பொறுமையும் நொடியில் எடுக்கும் முடிவும். கபடியிலோ அந்த இரண்டும்தான் ஆட்டம். முப்பது வினாடிக்குள் ஏழு பேரின் கையையும் காலையும் பார்த்து, போனஸ் கோடா, மூலையாளா, திரும்புவதா என்று முடிவு செய்ய வேண்டும். இது எத்தனையாவது ரெய்டு என்பதும் மனதில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பரிசோதனைச் சாலையில் நடப்பது, நிஜ ஆட்டத்தில் நடக்குமா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் லிவர்பூல் அணியின் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ், 1997-இல் வரிசையாகக் கோல்களை விட்டுக்கொடுத்துப் பத்திரிகைகளின் கேலிக்கு ஆளானார். அப்போது தாமாகவே ஒப்புக்கொண்டார், மணிக்கணக்கில் வீடியோ கேம் விளையாடியதால் கவனம் சிதறியது என்று. அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் வீரர், 2006-இல், பொம்மைக் கித்தார் வாசிக்கும் வீடியோ கேமை விடாமல் ஆடிக் கையில் வீக்கம் கண்டு முக்கியமான ஆட்டங்களில் பந்து வீச முடியாமல் உட்கார்ந்தார். அது மூளைக் களைப்பு அன்று, கைக் களைப்பு. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கட்டைவிரல்களை நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டிலேயே இதைவிட நல்ல உதாரணங்கள் உள்ளன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வென்ற மறுநாள், பயிற்சியாளர் கோபிசந்த் சொன்ன செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மூன்று மாதமாகச் சிந்துவின் கைப்பேசியை அவர் வாங்கி வைத்திருந்தார். இனி முதல் வேலையாக அதைத் திருப்பித் தருவேன், ஐஸ்கிரீமும் சாப்பிடலாம் என்றார். இருபத்தொரு வயதுப் பெண், உலகத் தரத்தில் ஆடுகிறவர், அவரிடமே கைப்பேசியை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பெங்களூரின் பிரகாஷ் படுகோனே இதையே செய்தார். ஆட்டங்கள் முடியும்வரை போன் கிடையாது என்று அவர் வாங்கி வைத்துக்கொண்டதை லக்‌ஷ்யா சென் பிரதமரிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் லக்‌ஷ்யா சென் அந்த ஒலிம்பிக்கில் பதக்கம் பெறவில்லை. வெண்கல ஆட்டத்தில் முதல் கேமை 21-13 என்று எடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் இழந்தார். கைப்பேசியை வாங்கி வைத்தால் பதக்கம் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மைதானத்தில் தோற்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை நாமே வலியப் போய்ச் சேர்க்க வேண்டாம் என்பதே அந்தப் பயிற்சியாளர்களின் எண்ணமாக இருந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இளைஞர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என் மருமகனே கேட்டான்: "தோனி ஆடலையா?" ஆடியிருக்கிறார். வீடியோ கேம் பிரியர் என்பது ஊரறிந்த செய்தி. விமான நிலையத்தில் இந்திய கிரிக்கெட் வீரர்கள் வட்டமாக உட்கார்ந்து கேம் ஆடிய படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விரைவான வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குக் கண்ணால் பலவற்றை ஒரே சமயத்தில் கவனிக்கும் திறன் கூடுகிறது என்று 2003-இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது, அதுவும் மெய்யே. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வீடியோ கேமுக்கே பதக்கம் கொடுத்தார்கள். மூளைக் களைப்பின் பாதிப்பு முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே வீடியோ கேம் விஷம், தொட்டால் கெட்டோம் என்று சொல்கிறவர்களோடு நான் சேரவில்லை. எந்த நேரத்தில் என்பதே என் கேள்வி. விமானத்துக்குக் காத்திருக்கும்போது ஆடுவதும், ஒரு மணி நேரத்தில் களமிறங்க வேண்டியபோது ஆடுவதும் ஒன்றல்ல.

இரவு ஆடுவது இன்னொரு தொல்லை, என் பார்வையில் பெரிய தொல்லை. பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் பதினொரு பேரைச் சில வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011-இல் வந்த முடிவு: ஓட்டம் வேகமாயிற்று, கூடைக்குள் போடும் பந்துகள் நூற்றுக்கு ஒன்பது அளவுக்குக் கூடின. புதிய பயிற்சி ஒன்றும் இல்லை, தூக்கம் மட்டும்தான். இங்கே நம் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா இரண்டாவது ஷிப்டு முடித்து இரவு பதினொன்றுக்கு வருகிறார். அம்மா கார்மெண்ட்ஸுக்குக் காலை எட்டரைக்குள் போக வேண்டியவர், அசந்து தூங்குகிறார். ஒற்றை அறை வீட்டில் போர்வைக்குள் நீல வெளிச்சம் எரிவது யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்கு எழுப்பினால், "எனக்குக் கபடியே வேண்டாம்" என்கிறான். விளையாட்டில் ஆர்வம் போய்விட்டது என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தக் கைப்பேசி நம் வீட்டுக்குள் வந்த கதையையும் மறந்துவிடலாகாது. பிள்ளைகள் கேட்டு வந்ததன்று. 2020-இல் பள்ளிகள் மூடியபோது, வகுப்பு நடத்தக் கைப்பேசி வேண்டும் என்றார்கள். ஷெட்டுகளும் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் நகையை அடகு வைத்துக் கைப்பேசி வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். வகுப்பு முடிந்தது, கைப்பேசி தங்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், அடுத்த ஆண்டே வேறு பெயரில் வந்தது. தமிழ்நாட்டிலும் பிறகு 2025-இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டங்கள் பணம் வைத்து ஆடுவதைப் பற்றியவை. அவை நல்லவையே. ஆனால் ஆட்டத்துக்கு முன் காசில்லாமல் மூன்று மணி நேரம் ஆடுகிற பிள்ளையைப் பற்றி எந்தச் சட்டமும் பேசாது, பேசவும் முடியாது.

விட முடியாத நோயாகவே ஆகிவிட்டவர்களின் விஷயம் வேறு. தன் கட்டுப்பாட்டில் இல்லாமல், படிப்பும் சாப்பாடும் கெட்டும் மாதக்கணக்கில் நிறுத்த முடியாமல் ஆடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதலே அதற்கென்று ஒரு சிகிச்சைப் பிரிவு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் அடிக்காமல், சாபம் கொடுக்காமல் அங்கே அழைத்துச் செல்லுங்கள். நான் பேசுவது அந்தச் சிலரைப் பற்றியன்று, எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரணப் பிள்ளையைப் பற்றி.

அந்தச் சாதாரணப் பிள்ளைக்கு ஆடுவதற்கு இடமும் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்தபோது ஜாலஹள்ளி கிராஸிலிருந்து நாகசந்திரா வரை தும்கூர் சாலையின் இருபுறமும் வெற்று நிலங்கள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆட்டம் நடக்கும். இன்று தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது, கீழே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன, நடுவில் பிள்ளைகள் எங்கே ஓடுவது? கைப்பேசிக்குள் இருக்கும் மைதானம் பெரிது, அங்கே யாரும் துரத்துவதில்லை. இதைச் சொல்லாமல் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

நம் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது. மூளையைக் களைக்க வைப்பது வீடியோ கேம் ஒன்றுதானா? மேலே சொன்ன ஆய்வுகளில் பல, விளையாட்டை வைத்துச் செய்தவையல்ல, கவனத்தைப் பிழியும் வேலைகளை வைத்துச் செய்தவை. மூன்று மணி நேரம் கணக்கு ட்யூஷன் படித்துவிட்டு ஓடிவரும் பிள்ளையும் களைத்த பிள்ளைதான். நம் விழா நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். காலையில் திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி, பிற்பகலில் ஓட்டப் பந்தயம், வளையப்பந்து. நூறு குறளை மூச்சுவிடாமல் ஒப்புவித்த பெண்ணே மதியம் ஓட்டத்தில் நான்காவதாக வந்தாள். போன ஆண்டு முதலாவதாக வந்தவள் அவள். அவள் அம்மா, "சாப்பிடலை, அதான்" என்றார். குறளுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே நாளை வைத்தவர்கள் நாம். இதைச் செயற்குழுவில் சொன்னபோது இருவர் முகம் சுளித்தார்கள். தமிழுக்கு நான் எதிரி இல்லை. குறளைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய், பொங்கல் விளையாட்டுதானே என்று சிலர் கேட்டார்கள். என் தங்கை கணவர் இரண்டு லேத்து வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். ஆர்டர் வந்தால் சோறு, வராவிட்டால் கடன். பி.யூ.சி. முதலாண்டு படிக்கும் அவர் மகனுக்கு மதிப்பெண்ணால் திறக்கும் கதவுகள் குறைவு. கபடியால் ஒரு கல்லூரி இடமோ, பிறகு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையோ கிடைக்கலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தங்கத்தின் எடை தெரியும். நம் பிள்ளைகளில் ஒருவன் அந்த வாய்ப்புக்காகத் தேர்வுக் களத்துக்குப் போகும்போது, அங்கே அவனைப் பார்ப்பவர்கள் பத்து நிமிடம்தான் பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணிக்கை தவறினால் அடுத்த ஆண்டுதான்.

ஆகவே இந்த முறை செயற்குழுவில் ஒரு சின்ன ஏற்பாட்டை முன்வைத்தேன். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒவ்வொரு அணியின் கைப்பேசிகளும் ஒரு மஞ்சள் பைக்குள் போய்விட வேண்டும். பை அணித் தலைவனின் அம்மாவிடம் இருக்கும். வீட்டுக்குச் சொல்ல வேண்டிய அவசரம் இருந்தால் அவரிடம் கேட்டுப் பேசிக்கொள்ளலாம். இடைவேளையில் பிள்ளைகள் படுத்துக்கொள்ளலாம், வம்பளக்கலாம், பாட்டுக் கேட்கலாம், மரத்தடியில் சும்மா இருக்கலாம். சாப்பாடு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும், அது என் பொறுப்பு. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நேரத்தில் ஆட்டம் தொடங்க வேண்டும். முந்தின இரவுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, அது பெற்றோர் பாடு.

பிள்ளைகளைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. பிறகு என் மருமகன் எழுந்து கேட்டான்: "உங்க போனும் பைக்குள்ள வருமா மாமா?"

"எனக்கெதற்கு? நான் ஆடப் போவதில்லையே" என்றேன்.

"நீங்கதானே ஸ்கோர் எழுதுறீங்க. ஃபைனல் நடக்கும்போது வாட்சப்ல வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தீங்க. எங்களுக்கு ஒரு போனஸ் விட்டுட்டீங்க."

வீட்டுக்குப் போய்ப் பழைய ஸ்கோர் தாளைத் தேடி எடுத்து, ஆட்டத்தைப் படம் பிடித்த ஒரு பையனின் வீடியோவோடு வைத்துப் பார்த்தேன். முதல் பாதியில், பன்னிரண்டாவது நிமிடத்தில், ஒரு போனஸ் விட்டுத்தான் போயிருக்கிறது. மூன்று புள்ளித் தோல்வி இரண்டாக ஆகியிருக்கும். முடிவு மாறியிருக்காது. இருந்தாலும் வருகிற பொங்கலுக்கு முதல் கைப்பேசி என்னுடையதாகத்தான் அந்தப் பைக்குள் போகும்.